லூஸ் கவர்ல வந்த மாஸ்பெட்: ரூ.7,850 போச்சு, உஷார்!

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் பண்றவங்க இதைக் கட்டாயம் படிங்க. பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில ஐஆர்எஃப் 3205 மாஸ்பெட் (இன்வெர்ட்டர்ல கரண்ட்டை ஆன்-ஆஃப் பண்ற பார்ட்) 100 பீஸ், கன்ட்ரோல் போர்டு 2 வாங்கினேன். மொத்தம் ரூ.7,850 தண்டம்.

நம்ப வச்சது அவங்க போட்டோதான். டியூபுக்கு 50 பீஸ், ஒழுங்கா அடுக்கின ரெண்டு டியூப். போர்டு, ஸ்டேட்டிக் சார்ஜைத் (உரசல்ல உண்டாகிற மின்சாரம்) தடுக்கிற சில்வர் கவருக்குள்ள. போன்ல கேட்டதுக்கும், "கம்பெனி பேக்கிங் சார், நாங்க பிரிக்கவே மாட்டோம்"னு சத்தியம் பண்ணாத குறை. முழுப் பணமும் முதல்லயே வாங்கிட்டாங்க.

வந்தது என்ன? சாதா பாலிதீன் கவர்ல கொட்டின பீஸ், சுத்தி தெர்மாகோல். கால் இடுக்குல எல்லாம் வெள்ளைத் துகள், தட்டினாலும் உதிரல. அது அப்படி ஒட்டுதுன்னாலே ஸ்டேட்டிக் சார்ஜ் ஏறியிருக்குன்னு அர்த்தம்! இந்த மாஸ்பெட்டோட கேட் (அதை ஆன்-ஆஃப் பண்ற கால்) தாங்குறது 20 வோல்ட்தான். தெர்மாகோல் உரசினா ஆயிரக்கணக்குல ஏறும். நம்ம விரல்ல சுருக்குன்னு தெரியவே சுமார் 3,000 வோல்ட் வேணும். அதுக்குக் கீழ போறது நமக்குத் தெரியாது, பீஸ் மட்டும் செத்துடும்.

செத்தது கூட பரவாயில்ல, மீட்டர்லயே மாட்டிக்கும். அரைகுறையா அடிபட்டதுதான் ஆபத்து. டெஸ்ட்ல பாஸாகி, லோடு ஏறினதும் ஷார்ட் ஆகி, பேரலல்ல இருக்கிற நல்ல பீஸையும் சேர்த்துக் கொண்டுபோயிடும். கஸ்டமர் திட்டுறது யாரை?

கேட்டா முதல்ல, "டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பினோம்." அப்புறம், "உங்க சால்டரிங் அயர்ன்ல லீக்கேஜ் இருக்கும்." சால்டரே பண்ணாத பீஸுக்கு! கடைசியில, "எலக்ட்ரானிக் பார்ட்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாது." இப்ப போனே எடுக்கிறதில்ல. ரூ.7,850, வாய் கூசாம சாப்பிட்டாச்சு.

அவசரமா சிலது: பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. ஆன்டி-ஸ்டேட்டிக் பிங்க் கவர் புதுசா சார்ஜ் உண்டாக்காதே தவிர, வெளியிலிருந்து வர்றதைத் தடுக்காது. போர்டுக்கு சில்வர் கவர்தான். மீட்டர் ஓம் மோடுல மாஸ்பெட்டோட கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (இன்னொரு கால்) நடுவுல எந்த ரீடிங்கும் வரக்கூடாது, வந்தா தூக்கிப் போடுங்க. சார்ஜை எர்த்துக்கு இறக்க மணிக்கட்டுல கட்டுற ரிஸ்ட் ஸ்ட்ராப்ல 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கணும். வெறும் ஒயரைக் கையில கட்டி எர்த் பண்ணாதீங்க, ஷாக் அடிச்சா உயிர் போயிடும். லைன் சப்ளையில வேலை பார்க்கும்போது ஸ்ட்ராப்பையே கழட்டிடுங்க. மாசி, பங்குனி வறட்சியில இன்னும் கவனம்.

ஏமாந்தவங்க 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் போடுங்க. பில், சாட், வீடியோ எதையும் அழிச்சிடாதீங்க.