பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கிரெடிட்: அமெரிக்காவின் டூயல் என்ரோல்மென்ட் தேறுமா?

பதினோராம் வகுப்புப் பிள்ளை கம்யூனிட்டி கல்லூரியில் (உள்ளூர் இரண்டு வருட அரசுக் கல்லூரி) ஒரே ஒரு பாடத்துக்குப் பதிவு செய்தாலும் போதும், அந்தக் கல்லூரியில் அவர் பெயரில் ஒரு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பதிவேடு, திறந்துவிடும். பள்ளி முடிந்தாலும் அது மூடாது. நான்கு வருடம் கழித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் பட்டியலிட்டு டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் சொல்வார்கள். பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடமும் எடுக்கும் இந்த டூயல் என்ரோல்மென்ட்டில் பணம் மிச்சமாவது உண்மை. ஆனால் அதை எடைபோட வேண்டியது பணத்தை வைத்து அல்ல, அழியாத அந்த மதிப்பெண்ணை வைத்து.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர நினைக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. பெரிய பெயருள்ள தனியார் பல்கலைக்கழகம்தான் குறி என்றால் பாதிப் பலன்: விண்ணப்பத்துக்கு அழகு சேர்க்கும், கிரெடிட்டாக (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பாக) மாறாமல் போகலாம். 8 வாரத்தில் முடியும் ஆன்லைன் கணிதப் பாடம் என்றால், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் வேண்டாம்.

2022-23 கல்வியாண்டில் அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிக் கல்லூரிப் பாடம் எடுத்தார்கள். ஆனால் 'இலவசம்' என்ற சொல்லுக்கு மாநிலத்துக்கு மாநிலம் அர்த்தம் மாறுகிறது. 1985இல் இதை முதலில் தொடங்கிய மினசோட்டாவில் கல்விக் கட்டணம், புத்தகம், கட்டாயக் கட்டணங்கள் எல்லாமே அரசுப் பொறுப்பு. ஒஹாயோவின் 'காலேஜ் கிரெடிட் பிளஸ்' ஏழாம் வகுப்பிலிருந்தே திறந்திருக்கிறது, அரசுக் கல்லூரி என்றால் புத்தகமும் சேர்த்து இலவசம். ஆனால் பாடத்தில் தோற்றால் பள்ளி மாவட்டம் செலவைத் திரும்பக் கேட்கலாம். ஃபுளோரிடாவில் பதிவுக் கட்டணம், பாடக் கட்டணம், லேப் கட்டணம் மூன்றும் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகச் செலவும் இல்லை. பதிலுக்கு ஜிபிஏ (4.0 அளவிலான சராசரி மதிப்பெண்) 3.0 கேட்பார்கள், கடினப் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்க்காமல். வாஷிங்டனின் 'ரன்னிங் ஸ்டார்ட்' 11, 12ஆம் வகுப்புகளுக்குப் பாடக் கட்டணத்தை விலக்குகிறது. புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து உங்கள் கையிலிருந்து. ஜார்ஜியாவில் 2020 சட்டத்துக்குப் பிறகு அரசு பணம் தருவது பொதுவாக 30 கிரெடிட் மணி வரைதான். டெக்சஸில் 2023 சட்டத்தின் கீழ் வந்த 'ஃபாஸ்ட்' திட்டம் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம். மற்றவர்களுக்கு எவ்வளவு என்பது பள்ளி மாவட்டமும் கல்லூரியும் போட்டிருக்கும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

கலிபோர்னியாவில் இரண்டு வாசல்கள் இருப்பதால் குழப்பமும் இரட்டிப்பு. பிள்ளை தானாகக் கம்யூனிட்டி கல்லூரியில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தால், ஒரு செமஸ்டரில் 11 யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே இதுதான் பெயர்) வரை யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் தள்ளுபடி செய்கின்றன. சுகாதாரக் கட்டணம் மாதிரியான சில்லறை, புத்தகம் எல்லாம் தனி. பள்ளியும் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டு நடத்தும் வகுப்பு என்றால் அது 2015 சட்டத்தின் கீழ் வரும் 'சிசிஏபி': 15 யூனிட் வரை போகலாம், புத்தகத்துக்கும் காசில்லை. பாடம் ஒன்றாகவே இருக்கும், எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள் என்பதை வைத்துத்தான் பில் வரும். பள்ளிக் கவுன்சலரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

புத்தக விஷயத்தில் இன்னொரு பொறி. பழைய புத்தகம் வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். கணிதம், வேதியியல், பொருளாதாரம் போன்றவற்றில் வீட்டுப்பாடமே பதிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும், அதற்குள் நுழைய 'ஆக்சஸ் கோட்' வேண்டும். ஒருமுறைதான் பயன்படும், அடுத்தவரிடம் வாங்க முடியாது. விலை நூறு டாலரைச் சுற்றி வருவது சாதாரணம். பாடப் பட்டியலில் 'ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' என்ற குறியீடு உள்ள பிரிவைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனி கிரெடிட். 'டிரான்ஸ்ஃபர் ஆகும்' என்று சொல்கிறவரிடம் உடனே கேட்க வேண்டிய கேள்வி: என்னவாக? கணினி அறிவியல் படிக்கப்போகும் பிள்ளை கம்யூனிட்டி கல்லூரியில் பொது உயிரியல் எடுத்தால், பல்கலைக்கழகம் அதைத் 'தெரிவுப் பாடம்' என்று 3 கிரெடிட் போட்டு ஏற்றுக்கொள்ளலாம். காகிதத்தில் டிரான்ஸ்ஃபர்தான். ஆனால் அப்போது பட்டத்துக்கு வேண்டிய பாடம் ஒன்றுகூடக் குறையாது. ஆகவே வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் போக நினைக்கும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டத் தேவைப் பட்டியலை எடுங்கள். அதில் முதல் வருடத்தில் எல்லோரும் எடுக்கும் பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றுக்கு ஈடான கம்யூனிட்டி கல்லூரிப் பாடம் எது என்று தேடுங்கள். கலிபோர்னியாவில் 'அசிஸ்ட்' தளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடும். டெக்சஸ், ஃபுளோரிடா இரண்டிலும் பொதுப் பாட எண் முறை இருக்கிறது. டெக்சஸில் எந்தக் கம்யூனிட்டி கல்லூரியில் எடுத்தாலும் முதல் செமஸ்டர் கட்டுரைப் பாடம் இங்கிலிஷ் 1301தான், அதனால் தேடும் வேலை மிச்சம். மாநிலத்துக்கு வெளியே போகப்போகும் பிள்ளைக்கு இந்த வசதி ஏதும் இல்லை. சிலபஸைப் பத்திரமாக எடுத்து வைத்து, சேர்ந்த பிறகு துறையிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்ல வேண்டும். சிலபஸ் என்றால் முழு பிடிஎஃப். இரண்டு வருடம் கழித்துக் கல்லூரித் தளத்தில் தேடினால் கிடைக்காது.

தனியார் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. பள்ளிப் பட்டத்துக்கு (ஹைஸ்கூல் டிப்ளமோ) கணக்கில் எடுத்துக்கொண்ட பாடத்துக்குக் கிரெடிட் தரமாட்டோம் என்று சில சொல்லும். பள்ளிக் கட்டிடத்திலேயே பள்ளி ஆசிரியர் நடத்திய கல்லூரிப் பாடம் வேண்டாம் என்று சில சொல்லும். அப்படிப்பட்ட இடங்கள்தான் குறி என்றால் ஏபி தேர்வு (பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் படித்து எழுதும் பொதுத் தேர்வு) பாதுகாப்பானது, மதிப்பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். மறுபக்கம், ஏபியில் ஒரு வருட உழைப்பு மே மாதத்தின் மூன்று மணி நேரத்தில் நிற்கிறது. டூயல் என்ரோல்மென்ட்டில் பல வாரங்களாகச் சேர்த்த மதிப்பெண்தான் கிரெடிட், கடைசியில் இன்னொரு தேர்வு கிடையாது. தேர்வு அறையில் பதறும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம்.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் ஒரு நிலைமை: பதினோராம் வகுப்பிலேயே ஏபி கால்குலஸ் பிசி முடிந்துவிட்டது, பள்ளியில் மேலே கணிதம் இல்லை. டூயல் என்ரோல்மென்ட்டின் உண்மையான அருமை இங்கேதான் தெரியும். பன்மாறி கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் மூன்றும் பல கம்யூனிட்டி கல்லூரிகளில் உண்டு. பொறியியல் படிப்பில் இவை பெரும்பாலும் எப்படியும் வேண்டும். விண்ணப்பத்தைப் படிப்பவரும், பிள்ளை பள்ளியில் இருந்ததையெல்லாம் முடித்துவிட்டு மேலே போயிருக்கிறார் என்று புரிந்துகொள்வார். பொதுப் பாடங்களாக எட்டு அடுக்குவதைவிட இந்த மூன்றில் இரண்டு எடுப்பது மேல்.

உழைப்பின் கணக்கு எளிது, ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வீட்டு வேலை. 3 கிரெடிட் பாடம் என்றால் 16 வார செமஸ்டரில் வாரம் 9 மணி நேரம். அதே பாடத்தை 8 வாரத்தில் நடத்தினால் 18 மணி. 6 வாரக் கோடை வகுப்பு என்றால் 24. கோடையில் 'ஒரே ஒரு பாடம்' என்று கால்குலஸ் எடுத்துவிட்டு, கூடவே இன்டர்ன்ஷிப்பும் இந்தியப் பயணமும் வைத்திருக்கும் பிள்ளை இரண்டாம் வாரமே மூழ்கிவிடும். திங்கட்கிழமை பாடம், வியாழக்கிழமை க்விஸ், அடுத்த திங்கள் முதல் தேர்வு என்ற வேகம் அது. சென்னையிலிருந்து நள்ளிரவில் கேன்வாஸை (கல்லூரியின் இணைய வகுப்புத் தளம்) திறந்து தேர்வு எழுதலாம் என்று திட்டம் போடாதீர்கள். சமர்ப்பிக்கும் நேரம் கல்லூரியின் உள்ளூர் நேரம், கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வில் இணையம் அறுந்தால் வாதாடுவது கடினம்.

வீட்டுப்பாடம் தாமதமானால் பள்ளியில் பாதி மதிப்பெண் கிடைக்கும், தேர்வை மறுபடி எழுதவும் பல பள்ளிகள் விடுகின்றன. கல்லூரி சிலபஸில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: தாமதமானால் பூஜ்யம். முதல் வாரம் சிலபஸைத் திறந்து இறுதித் தேர்வு எத்தனை சதவீதம், குறைந்த க்விஸ் ஒன்றை நீக்குவார்களா, தாமத விதி என்ன என்று மூன்றை மட்டும் பாருங்கள். இரண்டு தேர்வுகளே மொத்த மதிப்பெண்ணில் 80 சதவீதம் என்று இருந்தால், முதல் தேர்வில் 60 வாங்கிய பிள்ளை 'ஏ' பிடிப்பது கணக்கிலேயே இல்லை. அப்போது எடுக்க வேண்டிய முடிவு ட்ராப்.

ட்ராப் வேறு, வித்டிரா வேறு. ஆரம்பத்தில் வரும் ஒரு தேதிக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் 'டபிள்யூ' விழும். அந்த இரண்டாவது தேதியும் போய்விட்டால், வகுப்புக்குப் போவதை நிறுத்தியவருக்கு 'எஃப்'தான். குறுகிய வகுப்புகளில் முதல் தேதி சில நாட்களிலேயே கடந்துவிடும். ஒரே ஒரு 'டபிள்யூ'வால் சேர்க்கை போவது அரிது, மூன்று நான்கு என்றால் கேள்வி வரும். பின்னால் மத்திய அரசின் நிதி உதவி பெறும்போதும் இது தலைகாட்டலாம்: எடுத்த கிரெடிட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முடித்திருக்க வேண்டும் என்று கல்லூரிகள் பார்க்கின்றன, 'டபிள்யூ'வும் 'எஃப்'பும் எடுத்ததாகவே எண்ணப்படும். கல்லூரியில் ட்ராப் செய்யும் முன் பள்ளிக் கவுன்சலரிடம் சொல்வதும் முக்கியம். அந்தப் பாடம் பள்ளிப் பட்டத்துக்குத் தேவையானதாக இருந்தால் ஜூனில் பட்டமே தள்ளிப்போகும். வாஷிங்டனில் 5 குவார்ட்டர் (காலாண்டு) கிரெடிட் பாடம் ஒன்று பள்ளியின் முழு ஒரு கிரெடிட், ஒன்றை விட்டால் ஒரு வருடப் பாடம் காணாமல் போனதற்குச் சமம்.

பதிவு செய்வது மலை ஏறும் வேலை இல்லை, சிக்குவதெல்லாம் கையெழுத்தில். கல்லூரியின் இணைய விண்ணப்பம், மாணவர் எண், தேவைப்பட்டால் தகுதித் தேர்வு, பிறகு பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திடும் அனுமதிப் படிவம். பல இடங்களில் இந்தப் படிவம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக வேண்டும். கோடையில் கவுன்சலர் விடுமுறையில் இருப்பார், கையெழுத்து கிடைக்காது, வகுப்பு நிரம்பிவிடும். கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் சேர்த்து ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பள்ளி மாணவருக்குப் பதிவு முறை பெரும்பாலும் கடைசியில்தான் வரும், எனவே ஒரே பாடத்தின் மூன்று பிரிவு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். விண்ணப்பத்தில் பள்ளியில் உள்ள அதே பெயர், அதே பிறந்த தேதி. இன்ஷியலை ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் போட்டால் இரண்டு பதிவும் பொருந்தாது, ஒரே ஆளுக்கு இரண்டு மாணவர் எண் விழுந்துவிடும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகள் படிக்கத் தடை இல்லை. விசா கேள்விக்கு உள்ளதை உள்ளபடி நிரப்பி, கட்டணப் பில்லில் 'நான்-ரெசிடென்ட்' (மாநிலவாசி அல்லாதவர்) என்று வந்தால் பணம் கட்டுவதற்கு முன் சேர்க்கை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த நொடியில், வயது பதினைந்தே ஆனாலும், மாணவர் பதிவேட்டு ரகசியத்துக்கான 'ஃபெர்ப்பா' சட்டப்படி கல்லூரிப் பதிவேட்டின் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. பேராசிரியருக்கு அப்பா எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. பிள்ளையின் கணக்கிலிருந்து அம்மா எழுதினால் அது கல்வி நேர்மை மீறலாகவே முடியலாம். பள்ளியில் சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளை, அதே சலுகை கல்லூரியிலும் தொடரும் என்று நம்பி உட்காரக் கூடாது. மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் தனியாக, வகுப்பு தொடங்கும் முன்பே பதிய வேண்டும்.

கடைசியாக, கல்லூரி மதிப்பெண் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். சேரப்போகும் பல்கலைக்கழகம் கிரெடிட் தருவது கம்யூனிட்டி கல்லூரியே நேராக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டுக்குத்தான், அது தானாகப் போகாது. கடைசி செமஸ்டரின் மதிப்பெண் ஏறிய பிறகு, எடுத்த கல்லூரி இரண்டு என்றால் இரண்டிலிருந்தும் ஆர்டர் செய்ய வேண்டும். அதற்கு முன் மாணவர் கணக்கில் ஏதாவது 'ஹோல்ட்' இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாகன நிறுத்த அபராதமோ திருப்பித் தராத நூலகப் புத்தகமோ கூடச் சில கல்லூரிகளில் கணக்கைப் பூட்டிவிடும்.