ஊசி மருந்துக்கான குளிர்ப்பை: இரண்டு சுற்று பயன்படுத்திய பிறகு

ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் குழந்தைப்பேறு சிகிச்சை) ஊசி போட்டுக்கொண்டே வேலைக்கும் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து எடுத்துப்போக நான் வாங்கியது மூக்குக்கண்ணாடி டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய, கருநீலக் குளிர்ப்பை.

கருமுட்டை வளர்வதற்கான ஊசியைத் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போட வேண்டும். எனக்கு மாலை 7 மணி. பல நாள் அப்போது அலுவலகத்தில்தான் இருப்பேன். என் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் காகிதத்தில் சுற்றி அலுவலக ஃபிரிட்ஜில் வைத்தேன். யாராவது அதைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மனசு அங்கே ஓடிவிடும். "இது யாரோடது?" என்று ஒருத்தர் கேட்ட அன்றுதான் பையை ஆர்டர் செய்தேன்.

வெளியே மருந்து என்று காட்டும் குறி எதுவும் இல்லை. மேசை மேலேயே வைத்திருந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். மூடியில் சின்ன வெப்பமானி இருக்கிறது. காலை 8 மணிக்கு மூடினால், ஏசி அறையில் மாலை 7 வரை 8 டிகிரியைத் தாண்டியதில்லை. வெயிலில் நின்ற காரில் ஒருமுறை வெறும் பையை வைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை. மருந்து எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்று நர்ஸிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது மருந்துக்கு மருந்து மாறும்.

குறை என்றால், குளிர்ச்சிக்கு உள்ளே வைக்கும் ஜெல் கட்டிக்கும் மருந்துக்கும் நடுவே தடுப்பு இல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டி நேராகப் பட்டால் மருந்து உறைந்துவிடலாம், உறைந்ததைப் போடக் கூடாது. நான் கைக்குட்டையை நான்காக மடித்து நடுவில் வைத்தேன். அப்புறம், போட்டு முடித்த ஊசிக்கு இதில் இடமில்லை. கெட்டியான டப்பா தனியாக வேண்டும்.

முதல் சுற்றில் கரு தங்கியது. 8-வது வாரம் கலைந்துவிட்டது. மூன்று நாள் விடுப்பு, காரணம் 'காய்ச்சல்'. திரும்பி வந்து மேசை இழுப்பறையைத் திறந்தால் இந்தப் பை. உள்ளே அந்தக் கைக்குட்டை, மடிப்புக்கூடக் கலையாமல். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐந்து மாதம் அதைத் தொடவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு முன்னால் பக்கத்து இருக்கை அக்காவிடம் மட்டும் சொன்னேன். மீட்டிங் நீளும்போது 7 மணிக்கு அவரே, "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்பார். பையோடு சேர்த்து இப்படி ஒருவரும் இருந்தால் நல்லது.

கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பையைத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன்.