தோளில் ஏறிய டோசிமீட்டர்: தறிக்கூடங்களில் மூன்று ஆண்டுகள்

ஒருவர் காதுக்கு நாள் முழுக்க வந்து சேரும் சத்தத்தை அளக்கும் இந்த டோசிமீட்டர் கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். ஆறு மாதம் கழித்து எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது அதன் குணம் எனக்கு அத்துப்படி, என் அவசரப் புத்தியும் அதற்கு அத்துப்படி.

சேலத்துக்கு அருகே ஒரு நூற்பாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது இளம்பிள்ளை என்ற நெசவு ஊர்ப் பக்கம். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும். நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டிய அப்பாவிடம் இப்போது 'காசு' என்றால் காதைத் தொட்டுக் காட்டுகிறார். உயிரெழுத்து கேட்கிறது, ச எது த எது என்பது பிடிபடுவதில்லை. இரைச்சல் முதலில் கடிப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை, அதிலும் 4000-ஐ ஒட்டிய இடத்தை. மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. விடுமுறை நாள்களில் ஊரில் தெரிந்தவர்களின் தறிக்கூடங்களில் இதை மாட்டிப் பார்க்க ஆரம்பித்ததற்கு அப்பாதான் காரணம்.

சாதாரண ஒலிமானியைக் கையில் நீட்டினால் அந்த இடத்தில் அந்த நொடியில் எவ்வளவு சத்தம் என்று தெரியும். ஆனால் தறி ஓட்டுபவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நான்கு தறிகளுக்கு நடுவே நடக்கிறார், அறுந்த இழையை முடியக் குனிகிறார், நாடாவில் (ஊடை நூலோடு குறுக்கே ஓடும் கட்டை) தார் (அந்த நூல் சுற்றிய சிறு குழல்) மாற்றுகிறார், டீக்கு வெளியே போகிறார். டோசிமீட்டர் அவர் தோளிலேயே ஏறிக்கொண்டு கூடவே போகும். இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கிய அளவுதான். மைக் காதிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும்படி சட்டையில் கிளிப் போட்டுவிட்டால், மாலையில் அவர் காதுக்கு நாள் முழுக்க வந்து சேர்ந்த சத்தத்தை 'டோஸ்' என்று விழுக்காட்டில் சொல்லும். நூறு என்றால் ஒரு நாளுக்கு அனுமதித்தது முழுவதும் தீர்ந்தது என்று பொருள்.

இந்த விழுக்காட்டில்தான் நான் சறுக்கினேன். வேறொருவர் பயன்படுத்திய கருவியை வாங்கி, அவர் வைத்திருந்த அமைப்பிலேயே ஓட்டினேன். ஒரு தறிக்கூடத்தின் தாழ்வாரத்தில் தார் சுற்றும் அக்காவுக்கு மாட்டிவிட்டேன். நாள் முழுக்கத் திரையில் 88-ஐ ஒட்டியே எண்கள் ஓடின. மாலையில் டோஸைப் பார்த்தால் 2 விழுக்காடு! "எத்தனை மார்க் தம்பி?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "அப்போ பெயிலா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே நின்று அவரோடு பேச நான் கத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மெனுவைத் தோண்டிய பிறகுதான் விளங்கியது. மூன்று எண்கள் இருக்கின்றன: அடிப்படை அளவு (எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் சத்தம்), பரிமாற்ற வீதம், கீழ்வரம்பு. பழைய உரிமையாளர் அடிப்படையை 90, வீதத்தை 5, கீழ்வரம்பையும் 90 என்றே வைத்திருந்தார். 90-க்குக் கீழே உள்ள சத்தம் எதுவும் கணக்கிலேயே ஏறாது. அக்காவின் 2 விழுக்காடு அவ்வப்போது 90-ஐத் தாண்டிய சத்தம் மட்டுமே. எட்டு மணி நேரம் சீராக 88 டெசிபல் கேட்டவருக்கு இந்த அமைப்பில் டோஸ் பூச்சியம். கீழ்வரம்பை மட்டும் 80 ஆக்கினால் அதே நாளுக்கு 76 விழுக்காடு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பதுபோல் அடிப்படை 85, வீதம் 3 என்று மாற்றினால் 200 விழுக்காடு. அதே அக்கா, அதே காது, அதே நாள்.

வீதம் 5 என்றால் சத்தம் 5 டெசிபல் கூடும்போது அனுமதி நேரம் பாதியாகும். 3 என்றால் 3 கூடும்போதே பாதி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 90-க்கு 8 மணி நேரம், 95-க்கு 4, 100-க்கு 2 என்று முதல் கணக்கில் போகின்றன. ஒலியின் ஆற்றல் 3 டெசிபலுக்கே இரட்டிப்பாகிவிடுவதால் எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. சராசரி 96 பதிவான ஒரு தறிக்காரரின் நாளை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். முதல் கணக்கில் அவருக்கு அனுமதி ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். இரண்டாவதில் 38 நிமிடம். அவர் நிற்பது பன்னிரண்டு மணி நேரம். வீட்டின் முன்பகுதியில் நான்கு தறி போட்டவரிடம் இந்த விதிகளைப் பேசி எந்தப் பயனும் இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே மின்விசையோடு 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது.

இரண்டு அமைப்புகளையும் ஒரே நேரத்தில் ஓட்டும் வசதி என் கருவியில் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. புதிதாக வாங்குபவர்கள் இந்த வசதி இல்லாததை வாங்க வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. காலையில் கேலிப்ரேட்டரை மைக்கில் செருகி 1000 ஹெர்ட்ஸில் 114 டெசிபல் கொடுத்துச் சரிபார்ப்பேன், மாலையில் கழற்றியதும் மறுபடியும். அரை டெசிபலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்த நாள் குப்பைக்குப் போகும். மைக்கின் நுரை மூடியில் பஞ்சுத் தூசி அப்பிக்கொள்கிறது, நான்கைந்து மூடிகள் கையிருப்பில் இருப்பது நல்லது. மூன்றாம் ஆண்டில் பேட்டரி தளர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு இப்போது தாங்குவதில்லை.

பெரிய கோளாறுகள் எல்லாம் என்னால் வந்தவை. ஒரு டிசம்பரில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் பழத்தோல் உரிக்கும் இயந்திரத்தை அளக்கப் போனேன். கருவியை ஓடவிட்டபடியே சட்டையில் மாட்டிக்கொண்டு பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினேன். மைக்கில் மோதிய காற்றையெல்லாம் அது சத்தம் என்று எழுதி வைத்திருந்தது. அந்த வரைபடத்தின்படி இயந்திரக் கொட்டகையைவிட மலைப்பாதைதான் காதுக்குக் கேடு.

அதனால் நோட்டுப் புத்தகம் இல்லாமல் இதை மாட்டுவதில்லை. ஒருநாள் வரைபடத்தில் 11.20-க்கு மேல் ஒரு மேடு தெரிந்தது. நோட்டில் அந்த நேரத்துக்கு நேராக 'மூன்றாம் தறி, நாடாப் பெட்டி ஆடுகிறது' என்று எழுதியிருந்தேன். மேஸ்திரி திருகை இறுக்கியதும் கோடு இரண்டு டெசிபல் இறங்கியது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தத் திருகு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

காதடைப்பான் கதை தனி. அந்த 96 டெசிபல் தறிக்காரர் நான் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாடா போய் அடையும் சத்தம் மாறினால் எங்கேயோ கோளாறு என்று காதுதானே சொல்கிறது, தம்பி? அதை அடைத்துவிட்டு எப்படி ஓட்டுவது?" அவர் சொல்வதில் தவறு இல்லை. ஆனால் 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானைத் தறியைக் கேட்பதற்காக எட்டில் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தாலே, அன்றைய பாதுகாப்பு 9 டெசிபலுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே உலகத்தையே அடைக்கும் ரகத்தை விட்டுவிட்டு, குறைவாகத் தடுக்கும் ரகம் ஒன்றைக் கொடுத்தேன். தறியின் தாளம் அதில் கேட்கிறதாம். பாதி நாளாவது போடுகிறார்.

தார் சுற்றும் அக்காவிடம் புது அமைப்போடு மறுபடி போனேன். மாலையில் அதே கேள்வி. இருநூற்றுப் பத்து என்றேன். "நூற்றுக்கா?" என்றவர், நான் விளக்கியதும் பேசாமல் முதலாளியிடம் போனார். ஒரே வாரத்தில் தார் மெஷின் தாழ்வாரத்திலிருந்து இரண்டு சுவர் தள்ளிப் பின்கட்டுக்குப் போய்விட்டது. போன மாதம் அங்கே அளந்தேன். சராசரி 81. அதில் பாதி அவருடைய வானொலி.