கல்யாணத்துக்கு வாங்கிய சென்ட் போலி: பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். உடை வடிவமைப்பாளர் வேரா வாங்கின் கவுன் உடுத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. விலை எங்களுக்கு எட்டவில்லை. சரி, அவர் பெயரில் வரும் சென்ட்டையாவது வாங்கித் தருவோம் என்று நினைத்தேன்.

1990-இல் நியூயார்க்கில் மணப்பெண் உடைக் கடை திறந்தவர் வேரா வாங். அவருடைய முதல் சென்ட் 2002-இல் வந்தது. அதில் ரோஜா, ஐரிஸ், அப்புறம் ஸ்டெஃபனோடிஸ் பூக்களின் வாசனை. இந்த ஊர் மணப்பெண்கள் கையில் பிடிக்கும் பூச்செண்டில் இருக்குமே, பார்க்க நம் மல்லிகை மாதிரியே ஒரு வெள்ளைப் பூ, அதுதான். கல்லூரி நாட்களில் அவள் இதே சென்ட்டைப் போட்டிருக்கிறாள்.

பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில், அங்கே கடை போட்டிருந்த தனி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். விலை பாதிதான். அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தச் சென்ட்டுகளைத் தயாரிப்பது உரிமம் பெற்ற வேறு நிறுவனங்கள். தள்ளுபடிக் கடைகளில் அசல் சரக்கே மலிவாகக் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில்தான் ஏமாந்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு பிரித்தாள். முதலில் நன்றாகத்தான் மணந்தது. அரை மணி நேரத்தில், "சித்தி, இது அந்த வாசனையே இல்ல. ஸ்பிரிட் நெடி அடிக்குது" என்றாள். பூ வாசம் மறைந்து போயிருந்தது. இரவுக்குள் கழுத்தில் சிவந்து தடித்துவிட்டது. தோல் மருத்துவர் அதை இனித் தொடவே வேண்டாம் என்றார். கழுத்தில் மருந்து தடவிக்கொண்டு சர்ச்சில் நின்றாள் பிள்ளை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பிறகுதான் கடைக்குப் போய் அசலோடு ஒப்பிட்டேன். அசல் பாட்டிலின் அடியில் ஒரு எண் இருந்தது, அதே எண் அட்டைப் பெட்டியிலும் இருந்தது. என்னுடையதில் பெட்டியில் மட்டும்தான், அதுவும் ஒட்டிய ஸ்டிக்கர். மூடி லொடலொடவென்று ஆடியது. உள்ளே இருக்கும் குழாய் நீளம் கூடி அடியில் சுருண்டு கிடந்தது.

பணத்தைக் கேட்டால், "திறந்த சென்ட்டைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்று ஒரே பதில். திறக்காமல் போலி என்று எப்படித் தெரியும்? இந்த விதியை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

விற்பனையாளரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, கிரெடிட் கார்டு நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். இங்கே அமெரிக்காவில், ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். எண் ஸ்டிக்கர், மூடி, குழாய் மூன்றுக்கும் படம், மருத்துவர் சீட்டு, விற்பனையாளரின் பதில், எல்லாம் இணைத்தேன். பணம் திரும்பி வந்தது. பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

நான் போட்ட விமர்சனத்தைக் காணவில்லை. அந்தக் கடையும் மறைந்துவிட்டது. நேற்று வேறு பெயரில் ஒரு கடை பார்த்தேன். பழைய கடை போட்டிருந்த அதே படம்: பாட்டில் பக்கத்தில் வெள்ளைத் துணி, துணியின் ஓரத்தில் மஞ்சள் கறை. அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.