கையடி இம்பாக்ட் டிரைவர்: ஏழாண்டுகள் கையாண்ட பிறகு

எங்கள் ஃபைபர் படகின் பின்புறம் வெளியே பொருத்திய அவுட்போர்டு மோட்டாருக்கு 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் ஆயிலை நானே மாற்றி வருகிறேன். 2018ஆம் ஆண்டில் ஒருநாள் ஆயிலை வடிக்கத் திறக்கும் கீழ்ப்புற டிரெயின் ஸ்குரூவின் காடி (திருப்புளி பொருந்தும் பள்ளம்) தேய்ந்து, எவ்வளவு அழுத்தினாலும் திருப்புளி வழுக்கி வெளியேறியது. அன்றுதான் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை வாங்கினேன்.

கியர் கூடு அலுமினியக் கலவை. ஸ்குரூவோ துருப்பிடிக்காத எஃகு. இவ்விரண்டுக்கும் இடையே உப்புநீர் புகுந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியத்திலிருந்து உண்டாகும் வெண்பொடி மரையின் இடுக்குகளை அடைத்துக் கெட்டிப்பட்டுவிடுகிறது. சாதாரணத் திருப்புளியால் முறுக்கும்போது மரை அசைவதற்கு முன்பே காடியின் ஓரம் மழுங்கிவிடும். முதல் வழுக்கலிலேயே கையை நிறுத்தியிருந்தால் அந்தக் காடி அவ்வளவு கெட்டிருக்காது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

இம்பாக்ட் டிரைவரின் தலையில் அடிக்கும் ஒவ்வோர் அடியும் முனையைக் காடிக்குள் அழுத்திக்கொண்டே சிறிதளவு திருப்பவும் செய்வதால், முனை வெளியே ஏறி வருவதற்கு இடமில்லாமல் போகிறது. அன்று ரம்ப அலகால் காடியைச் சற்று ஆழப்படுத்தி, ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். மறுநாள், காடியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்திய முனையை மாட்டி, கழற்றும் திசையில் கருவியை இறுகப் பிடித்தபடி அடித்தேன். நான்காவது அடியில் ஸ்குரூ அசைந்தது.

குறைகளும் உண்டு. உடன் வந்த முனைகள் தரமற்றவை. இரண்டு உடைந்தன, தனியாக நல்ல முனைகள் வாங்க வேண்டியிருந்தது. உடல் எஃகு என்பதால் கடற்காற்றில் விரைவில் துருவேறுகிறது. எண்ணெய் பூசாமல் ஒரு மழைக்காலம் விட்டபோது திசை மாற்றும் பகுதி இறுகிப்போனது. மெல்லிய அலுமினிய மூடிகளிலுள்ள சிறு ஸ்குரூக்களில் இதைப் பயன்படுத்த நான் துணிவதில்லை. வார்ப்பு விரிசல் விட்டால் இழப்பு பெரிது. அத்தகைய இடங்களில், எரிபொருள் தொட்டியை அகற்றி வைத்த பிறகு, வெப்பக்காற்றுக் கருவியால் கூட்டை மிதமாகச் சூடாக்குகிறேன். அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிவதால் பிடி தளர்கிறது. ரப்பர் சீல்களுக்கு அருகில் அதையும் தவிர்க்கிறேன். ஸ்குரூவில் துளையிட்டு, உள்ளே செலுத்தித் திருப்பிக் கழற்றும், கெட்டிப்படுத்திய எஃகாலான எக்ஸ்ட்ராக்டரை மட்டும் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்: உள்ளே முறிந்தால் சாதாரணத் துளையிடும் அலகு அதில் ஏறாது.

இப்போது ஒவ்வொரு முறையும் மரையைத் துடைத்து, புதிய வாஷர் போட்டு, மரையில் சிறிது மரைன் கிரீஸ் தடவியே பூட்டுகிறேன். அந்தப் பழைய ஸ்குரூவை அன்றே மாற்றிவிட்டேன். புதிதாகப் போட்டது இதுவரை திருப்புளிக்கே கழன்று வருகிறது. இம்பாக்ட் டிரைவர் தேவைப்படுவது, மற்ற படகுக்காரர்கள் காடி தேய்ந்த ஸ்குரூவோடு வந்து கேட்கும் நாட்களில்தான்.