சார்ஜ் ஏறாத எட்டு வருஷ லேப்டாப்பு: ரிப்பேரா புதுசான்னு நான் பட்ட பாடு

என்ற லேப்டாப்பு 2017ல வாங்குனதுங்க. அந்த ஜூலை ஒண்ணாந்தேதி ஜிஎஸ்டி வருதுன்னு திருப்பூரே அல்லாடிட்டு இருந்தப்ப, இனி நோட்டுல எழுதி ஓட்ட முடியாதுன்னு அவசரமா வாங்குனது. ஏழாவது ஜெனரேஷன் ஐ5 ப்ராசஸர், எட்டு ஜிபி ரேம், 15 இன்ச். நம்முளது பத்து பவர் டேபிள் (தையல் மிஷின்) போட்டு அடுத்தவங்களுக்குத் துணி தெச்சுக் குடுக்கற சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டு, கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேரு, பில்லு, சரக்கு அனுப்பறதுக்கான இ-வே பில்லு எல்லாமே இதுலதான். 2020 லாக்டவுன்ல பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப்போட்டு எஸ்எஸ்டி போட்டேன், புது வண்டியாட்டம் ஓடுச்சு, அதுக்கப்பறம் அஞ்சு வருஷம் அது மேல ஒரு ரூபா செலவு பண்ணலீங்க.

2025 ஜூலை கடைசில சார்ஜ் ஏறாம போச்சு. சொருகுனா லைட்டு எரியுது, ஓடுது, ஆனா பேட்டரி மட்டும் ஏற மாட்டேங்குது, ஒயரைப் புடுங்குனா பொட்டுனு அணைஞ்சுருது. கூடவே ஆமை வேகம் வேற. டேலில ஒரு லெட்ஜரைத் தொறந்து விட்டுட்டு போய் டீ குடிச்சுட்டு வந்தர்லாம். சரி வயசாயிருச்சு, எட்டு வருஷம் ஒழைச்சது போதும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆன் பண்றப்பல்லாம் அடாப்டர் என்ன வகைன்னு தெரியலைன்னு ஒரு எச்சரிக்கை வரும், அதைப் படிக்காமயே ஏதோ ஒரு கீயை அமுக்கித் தாண்டிப் போயிட்டு இருந்தேன். தப்பு அங்கதான் ஆரம்பம்.

மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன், அடாப்டர்ல 19.5 வோல்ட்டு சுத்தமா வருது. அப்ப அடாப்டர் நல்லாத்தான் இருக்குன்னு நானே முடிவு பண்ணிப்போட்டு ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். அவங்க எல்லா பின்னும் மாட்டற யுனிவர்சல் அடாப்டரைச் சொருகிப் பாத்தாங்க, அதுலயும் ஏறல. "மதர்போர்டு போயிருச்சுங்ணா, 13,500 ஆகும், அதுக்கு நீங்க புதுசே எடுத்தர்லாங்" அப்படின்னு கையோட பக்கத்துல புது லேப்டாப்பு அடுக்கி வெச்சிருந்த பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. 48 ஆயிரம். ஊட்டுல கேட்டுட்டு வரேன்னு தப்பிச்சு வந்தேன், ஆனா பாதி மனசு வாங்கியாச்சு.

ஆடி பதினெட்டுக்குக் கோபில மாமியார் ஊட்டுக்குப் போனோம். மாசாமாசம் விற்பனைக் கணக்குக் காட்டற ஜிஎஸ்டிஆர் 1 ரிட்டர்னைப் பதினொண்ணாந்தேதிக்குள்ள போடணும்கற பயத்துல லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போயிருந்தேன், எல்லாரும் கொடிவேரிக்குக் கெளம்பிட்டு இருக்காங்க, நான் மட்டும் மூலைல இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். மச்சினன் வந்து எட்டிப் பாத்தான். அவங்கிட்ட இருக்கறதும் அதே பிராண்டுதான்.

"மாமா, அடாப்டர் நுனிக்குள்ள ஊசியாட்டம் ஒண்ணு இருக்கும், இருக்குதா பாருங்க."

ஃபோன் டார்ச்சை அடிச்சுப் பாத்தா உள்ள பஞ்சு அடைஞ்சு கெடக்குது, நம்ம தொழிலு அப்படி. குச்சி வெச்சு நோண்டி எடுத்தா ஊசி இருக்குது, ஆனாலும் ஏறல.

"என்றதைச் சொருகிப் பாக்கலாங்களா மாமா?"

சொருகுனான். ஒரு நிமிஷம் கூட ஆகல, சார்ஜ் லைட்டு ஆரஞ்சா எரிஞ்சுது. டேலியைத் தொறந்தா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வந்து நிக்குது. எனக்குப் பேச்சே வரல.

விஷயம் இதுதானுங்க. சில பிராண்டு அடாப்டர்ல கரண்ட் போறது வெளி வளையத்துலயும் உள் வளையத்துலயும், நடுவுல இருக்கற அந்த ஊசி "நான் 65 வாட்டு, நம்ம கம்பெனி ஆளு"ன்னு லேப்டாப்புக்குச் சொல்றதுக்கு மட்டும். அந்த ஒயர் அந்து போனா 19.5 வோல்ட்டு என்னமோ வரும், ஆனா எத்தனை வாட்டுன்னு தெரியாம லேப்டாப்பு பேட்டரியை ஏத்தாது, ப்ராசஸர் வேகத்தையும் குறைச்சு வெச்சுக்கும். மல்டிமீட்டர் பொய் சொல்லல, நான்தான் பாதியை மட்டும் கேட்டுட்டு வந்திருக்கேன். யுனிவர்சல்ல அந்தப் பேச்சுவார்த்தையே கெடையாது, அப்பறம் எப்படி ஏறும்? மாத்தணும்னு நான் வெச்சிருந்த ரெண்டு காரணமும், சார்ஜும் ஸ்லோவும், ஒரே ஒரு அந்து போன ஒயரு. எட்டு வருஷமா அடாப்டரைச் சுத்தி இறுக்கி இறுக்கிச் சுத்தி வெச்சது நானேதான்.

ஒரிஜினல் அடாப்டர் 1,900 ஆச்சு. அதோட முடிஞ்சுதான்னா இல்ல, டச்பேட் ஒரு மாசமா கிளிக் ஆக அழுத்தி அமுக்க வேண்டியிருந்துச்சு, அடிப்பக்கத்தைக் கழட்டிப் பாத்தா பேட்டரி உப்பிப் போய் டச்பேடை முட்டிட்டு நிக்குது. இது ரிப்பேரா புதுசான்னு ரோசனை பண்ற விஷயமே இல்லீங்க, உப்புன பேட்டரியை அன்னைக்கே கழட்டணும், குத்தவும் கூடாது, குப்பைலயும் போடக்கூடாது, மின்கழிவு எடுக்கறவங்ககிட்ட குடுத்தரணும். கழட்டறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாத்தேன், புதுசுல 42 வாட் அவர் புடிச்சது, அப்ப 15தான். வேற கம்பெனி பேட்டரி 2,300க்குப் போட்டேன், மொதல்ல ரெண்டரை மணி நேரம் நின்னுது, எட்டு மாசம் கழிச்சு இப்ப ஒண்ணே முக்கால். சுமார்தான். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குக் கரண்ட்டைப் புடுங்கறப்ப ரெண்டு இ-வே பில்லு போட்டு முடிக்க அது போதும்.

ஆக ஒட்டுக்கா 4,200. இதுக்கு மேல ஏன் போகலைன்னா, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, என்ற ப்ராசஸருக்கு விண்டோஸ் 11 கெடையாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல உள்ள போய் செட்டிங்ஸ் பேக்கப் போட்டுவிட்டா காசில்லாமயே 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட்டு வருது, அதைப் போட்டுக்கிட்டேன். ரிப்பேர் பண்ணதுல இருந்து அதுக்கு பதினாலு மாசம், மாசத்துக்கு 300 ரூபா விழுது, அது எனக்குக் கட்டுபடியாகுது. இதே 13,500ஐக் கொட்டிப் போர்டு மாத்தியிருந்தா அதே பதினாலு மாசத்துக்கு ஆயிரத்துக்குப் பக்கமா வந்திருக்கும், அப்ப புதுசுதான் சரி. நெசமாவே போர்டுலதான் கோளாறுன்னாலும் சிப் லெவல்ல பாக்கறவங்ககிட்ட ஒருக்கா காட்டுங்க, சார்ஜைக் கவனிக்கற சின்ன சிப்பு, சார்ஜிங் ஐசி, மட்டும் போயிருந்தா முழு போர்டையும் மாத்தாம அதை மட்டும் மாத்திக் குடுக்கறவங்க இருக்காங்க.

இப்ப வலது பக்கக் கீலு விரிசல் விட்டிருக்கு, மூடியைத் தெறந்தா கீச்சுன்னு சத்தம். அதுக்குச் செலவு பண்றதா இல்ல, செவுத்தோரமாத் தள்ளி வெச்சு மூடியைச் சாய்ச்சு விட்டிருக்கேன், அக்டோபர் வரைக்கும் யாரும் அதை மூடாதீங்கன்னு ஊட்டுல சொல்லி வெச்சாச்சு.