வெயில் மாநிலக் கல்லூரிக்குப் பிள்ளையின் சாமான்களை லாரியில் அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் படித்துவிட்டு அனுப்புங்கள்

மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க் என்று பனி பெய்யும் மாநிலங்களிலிருந்து அரிசோனா, டெக்சாஸ், கலிபோர்னியா பக்கம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மாநிலம் விட்டு மாநிலம் சாமான் கொண்டுபோகும் ஒரு கம்பெனி என் மகளின் பொருட்களை ஏற்றிக்கொண்டு போய், பேசிய தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவோம் என்று பிடித்து வைத்துக்கொண்டது. இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. இந்த நாட்டில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: 'ஹாஸ்டேஜ் லோடு'. மே முதல் செப்டம்பர் வரை வீடு மாறுகிறவர்கள் அதிகம். கல்லூரி திறக்கும் ஆகஸ்ட் அதன் நடுவில் வருகிறது.

மகள் டெட்ராய்ட் பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜ் முடித்துவிட்டு, மீதிப் படிப்புக்கு ஃபீனிக்ஸ் பக்கம் இடம் வாங்கினாள். கல்லூரி விடுதி (டார்ம்) இல்லை, காலி அபார்ட்மென்ட். கட்டில், மேசை, புத்தகம், மானிட்டர், அவளுடைய வீணை எல்லாம் போயாக வேண்டும். ஏறத்தாழ 2,000 மைல். இணையத்தில் விவரம் கொடுத்த சில நிமிடங்களில் போன் மேல் போன். அதில் மிகவும் தன்மையாகப் பேசிய ஒருவர் 2,200 டாலர் என்று எஸ்டிமேட் அனுப்பினார். முன்பணம் 700. மத்திய அரசின் பதிவு எண்ணும் கொடுத்தார். தேடிப் பார்த்தோம், எண் உண்மையானதுதான்.

ஆனால் அது புரோக்கருக்கான பதிவு. லாரி வைத்திருப்பவர் வேறு, நமக்கு போனில் விலை பேசுபவர் வேறு. மாநிலங்களுக்கு இடையே வீட்டுச் சாமான் கொண்டுபோகும் தொழிலைக் கண்காணிப்பது எஃப்.எம்.சி.எஸ்.ஏ என்ற மத்திய அமைப்பு. அதன் தளத்தில் எண்ணைப் போட்டால் அந்த நிறுவனம் 'கேரியரா' (சாமானைக் கொண்டுபோகிறவர்), 'புரோக்கரா' (ஏற்பாடு மட்டும் செய்பவர்) என்று தனியாகக் காட்டும். புரோக்கராக இருந்தால், 'நான் மூவர் (mover, சாமான் கொண்டுபோகிறவர்) இல்லை, ஏற்பாடு செய்து கொடுப்பவன்' என்று அவரே நம்மிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. எங்களிடம் அந்த மனிதர் கடைசிவரை 'எங்கள் லாரி, எங்கள் ஆட்கள்' என்றுதான் பேசினார். வீட்டை நேரிலோ வீடியோவிலோ பார்த்துத்தான் எஸ்டிமேட் போட வேண்டும், வேண்டாம் என்று நாம் எழுதிக் கொடுத்தால் ஒழிய. அதுவும் நடக்கவில்லை.

ஏற்றும் நாளன்று வந்தது பெயர் எதுவும் எழுதாத வாடகை லாரி. வந்தவர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தார்கள். எல்லாவற்றையும் ஏற்றி, கதவைச் சாத்திய பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். எஸ்டிமேட்டில் சொன்னதைவிடச் சாமான் இரண்டு மடங்கு இடம் பிடிக்கிறதாம், புதுத் தொகை 4,900 டாலராம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிருந்தோம். மகள் போன் செய்தாள். "அம்மா, இதுல கையெழுத்துப் போட்டாத்தான் வண்டிய எடுப்பாங்களாம். இல்லன்னா எல்லாத்தையும் ரோட்டுல இறக்கிப் போட்டுட்டு, முன்பணத்தையும் தரமாட்டாங்களாம்." மறுநாள் விமானம். பக்கத்தில் மூன்று பேர் நின்றுகொண்டு அவசரப்படுத்துகிறார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நிலைமையை உண்டாக்கியவர்களைத்தான் சொல்வேன்.

இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புது எஸ்டிமேட் போடுவதாக இருந்தால் ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். பொருட்கள் கூடியிருக்கின்றன என்று அவர்கள் நினைத்தால், முதல் பெட்டியைத் தொடுவதற்கு முன் நம்மிடம் சொல்லி, இருவரும் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். ஒன்றும் எழுதாமல் ஏற்ற ஆரம்பித்துவிட்டால், பழைய எஸ்டிமேட்டையே அவர்கள் உறுதி செய்துவிட்டதாகத்தான் அர்த்தம். இந்த விதி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கதவைச் சாத்திய பிறகு காகிதத்தை எடுக்கிறார்கள்.

சாமான் லாரியில் பிடிக்கும் இடத்தைக் கன அடியில் சொல்லி விலை போடுவதும் அப்படித்தான். எடை என்றால் லாரியை எடைமேடையில் ஏற்றி, வெறும் வண்டி எவ்வளவு, சாமானோடு எவ்வளவு என்று சீட்டு வாங்கலாம். திரும்ப எடை போடச் சொல்லிக் கேட்கவும், பக்கத்தில் நின்று பார்க்கவும் நமக்கு உரிமை உண்டு. கன அடிக்கு அப்படி ஒரு சீட்டு கிடையாது. பெட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கிவிட்டு 430 கன அடி என்று சொன்னால் யார் அளந்து பார்ப்பது? எடைக் கணக்கில் எஸ்டிமேட் கொடுக்க மறுப்பவரிடம் நான் இனிமேல் போக மாட்டேன்.

மகள் ஃபீனிக்ஸ் போய்ச் சேர்ந்தாள், லாரி போய்ச் சேரவில்லை. காற்றடைத்த மெத்தையும் ஒரு சூட்கேஸும்தான் வீட்டில். வகுப்பு தொடங்கிவிட்டது. போன் செய்தால் புரோக்கர் லாரிக்காரரைக் கைகாட்டுவார், லாரிக்காரர் எடுக்கவே மாட்டார். கடைசியில் டிஸ்பாட்சர், அதாவது லாரிகளை அனுப்பி வைப்பவர், என்று ஒருவர் பேசினார். மீதி 4,200 டாலரையும் ரொக்கமாகவோ மணி ஆர்டராகவோ கொடுக்க வேண்டும், கிரெடிட் கார்டு கிடையாது, தாமதம் ஆக ஆகக் கிடங்கு வாடகை ஏறும் என்றார். சாமான் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து எஃப்.எம்.சி.எஸ்.ஏ வெளியிட்டிருக்கும் உரிமைக் கையேட்டை வரி வரியாகப் படித்தோம். ஏற்றுவதற்கு முன்பே நமக்குக் கொடுத்திருக்க வேண்டிய கையேடு அது. எஸ்டிமேட்டில் இரண்டு வகை உண்டு. 'பைண்டிங்' என்றால் எழுதிய தொகைதான், அதற்கு மேல் கேட்டு இறக்காமல் இருக்க முடியாது. 'நான் பைண்டிங்' என்றால் தொகை கூடலாம். ஆனால் இறக்கும் நேரத்தில் எஸ்டிமேட்டில் 110 சதவீதம் வரைக்கும்தான் கேட்கலாம். அதைக் கொடுத்தால் இறக்கியே ஆக வேண்டும். அதற்கு மேல் நியாயமாக ஏதாவது பாக்கி இருந்தால் 30 நாளுக்குப் பிறகு பில் அனுப்பிக்கொள்ளட்டும். எங்களுடையது நான் பைண்டிங். 2,200க்கு 110 சதவீதம் 2,420. முன்பணம் 700 போனால் 1,720. இவ்வளவுதான் அவர்களால் கேட்க முடியும். அவர்கள் கேட்டதோ 4,200!

போலீஸுக்குப் போன் செய்தோம். 'இது சிவில் தகராறு' என்று சொல்லிவிட்டார்கள். பலருக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது, அதோடு மனம் விட்டுப்போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் சட்டம் இருக்கிறது. 110 சதவீதத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பவரின் சாமானைப் பிடித்து வைப்பதற்கு 2005-இல் வந்த மத்திய சட்டம் குறைந்தது 10,000 டாலர் அபராதம் வைத்தது. வீட்டுக்காரர் விதி எண்ணோடு மெயில் எழுதினார்: 1,720 டாலர் தயாராக இருக்கிறது, எந்த நாளில் எங்கே இறக்குகிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். எஃப்.எம்.சி.எஸ்.ஏவின் புகார் தளத்திலும், மிச்சிகன், அரிசோனா இரண்டு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகங்களிலும் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்களையும் மெயிலில் சேர்த்தார். முதலில் பதிலே இல்லை. அப்புறம் 'மூவாயிரம் கொடுங்கள், முடித்துக்கொள்ளலாம்' என்று போன் வந்தது. மறுத்துவிட்டோம். போனில் பேச மாட்டோம், எழுதுங்கள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். கடைசியில் 1,720 டாலர் மணி ஆர்டர் வாங்கிக்கொண்டு இறக்கினார்கள். புரோக்கருக்குக் கிரெடிட் கார்டில் கட்டிய 700 டாலரைத் திருப்பிக் கேட்டு வங்கியிடம் முறையிட்டிருக்கிறோம். பில் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது விதி. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக அனுப்பியிருந்தால் அந்த வழியும் இருந்திருக்காது.

மூன்று பெட்டிகள் வரவே இல்லை. மானிட்டர் கீறல். அதையெல்லாம் விடுங்கள், வீணையைச் சொல்கிறேன்.

ஃபீனிக்ஸ் வெயிலைப் பற்றித் தெரிந்திருப்பீர்கள். 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். அந்த ஊர்ப் பக்கம் மூடிய லாரிக்குள் ஒரு பொருள் கிடந்தால் என்ன ஆகும்? வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்திருப்பவை. பெட்டியைத் திறந்தபோது மெழுகு இளகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது, மெட்டுகள் சாய்ந்து கிடந்தன. குடத்தின் பக்கம் ஒரு விரிசல். பாட்டி தஞ்சாவூரில் வாங்கிக் கொடுத்த வீணை அது. ஊரிலிருந்து ஆள் வரும்போதுதான் இங்கே யாராவது மேளம் கட்டித் தர முடியும், அதாவது மெழுகு வைத்து மெட்டுகளைத் திரும்பப் பதித்துத் தர முடியும். மகள் போனில் ஒன்றுமே பேசவில்லை, அழுதாள்.

நஷ்டஈடு கேட்டோம். சாமானை இறக்கிய நாளிலிருந்து 9 மாதம் வரை கேட்கலாம். 30 நாளுக்குள் அவர்கள் 'கிடைத்தது' என்று எழுத வேண்டும், 120 நாளுக்குள் தருகிறோம், தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். வந்த பதில்: வீணைக்கு 24 டாலர். எப்படி என்றால், நாமாக எழுதிக் கொடுத்து வேண்டாம் என்று சொல்லாதவரை, பொருளின் முழு மதிப்புக்கும் மூவர் பொறுப்பு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட் மட்டும். பெட்டியோடு 40 பவுண்டு, ஆக 24 டாலர். கதவைச் சாத்திய பிறகு நீட்டிய அந்தக் காகிதத்தில், தொகைக்குக் கீழே பொடி எழுத்தில், இந்த 'வேண்டாம்' வரியும் இருந்திருக்கிறது. ஒரே கையெழுத்தில் விலையையும் கூட்டி, பொறுப்பையும் கழற்றிக்கொண்டார்கள். அந்த 24 டாலரை நாங்கள் வாங்கவில்லை. ஏற்றிய பிறகு மிரட்டி வாங்கிய கையெழுத்து அது என்று எழுதிக் கொடுத்து வழக்கைத் தொடர்கிறோம்.

என்னைக் கேட்டால், இந்தத் தூரத்துக்குக் கட்டில் மேசையை அனுப்பவே வேண்டாம். போய்ச் சேரும் ஊரில் பழையது வாங்கிக்கொள்ளலாம். புத்தகங்களைத் தபால்துறையின் மீடியா மெயிலில் அனுப்பினால் மிகக் குறைந்த செலவு. மருந்து, சான்றிதழ், இசைக்கருவி, லேப்டாப் எதையும் லாரியில் ஏற்றாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள். லாரிதான் வேண்டுமென்றால் கேரியரிடம் நேரடியாகப் பேசி, வீட்டைப் பார்க்கச் சொல்லி, பைண்டிங் எஸ்டிமேட் வாங்குங்கள். ஏற்றும் நாளில் பெரியவர் ஒருவர் பிள்ளையோடு நிற்கட்டும்.

இப்போதே யாருடைய சாமானாவது மாட்டியிருந்தால், போனில் கெஞ்ச வேண்டாம். எஸ்டிமேட், சாமானை ஏற்றும்போது தரும் ரசீதும் ஒப்பந்தமுமான பில் ஆஃப் லேடிங் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, '49 சி.எஃப்.ஆர் பகுதி 375-இன்படி எஸ்டிமேட்டின் 110 சதவீதத்தைக் கொடுக்கத் தயார், இறக்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும்' என்று ஆங்கிலத்தில் மெயில் அனுப்புங்கள் (சி.எஃப்.ஆர் என்பது மத்திய அரசின் விதித் தொகுப்பு). உங்களுடையது பைண்டிங் என்றால் 100 சதவீதம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அன்றைக்கே எஃப்.எம்.சி.எஸ்.ஏவிலும் புகாரைப் பதிந்துவிடுங்கள். எங்கள் மெயிலின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.